போருக்கு 68, உயிரிழப்பு என்றதும் 43: ஈராக் விஷயத்தில் மக்களும் நிபுணர்களும்

2003 ஜனவரியில் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டது. சதாம் உசேனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர ஈராக் மீது ராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டபோது 68 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், 25 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். அதே கேள்வியோடு, அமெரிக்கப் படையில் ஆயிரக்கணக்கானோர் செத்தாலும் காயம்பட்டாலுமா என்பதையும் சேர்த்துக் கேட்டபோது ஆதரவு 43-க்கு இறங்கியது, எதிர்ப்பு 48-க்கு ஏறியது. அதே நாடு, அதே மாதம், அதே போர். கேள்வியில் அரை வரி கூடியதும் பெரும்பான்மை பக்கம் மாறிவிட்டது.

அந்தப் போரில் கடைசியில் செத்த அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர். ஈராக்கியர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன, எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆக, நடக்கப்போவதற்கு நெருக்கமாக இருந்தது இரண்டாவது கேள்விதான். ஆனால் செய்திகளிலும் பேச்சுகளிலும் அதிகம் அடிபட்டவை முதல் ரகக் கேள்விகளின் எண்கள்.

"மக்கள் ஆதரிக்கிறார்கள்", "நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்" என்று வெளியுறவுச் செய்திகளில் தினமும் பார்க்கிறோம். இந்த மக்களும் இந்த நிபுணர்களும் எங்கிருந்து வருகிறார்கள் என்று யோசிக்க ஈராக் நல்ல இடம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆவணங்கள் பெருமளவு வெளியே வந்துவிட்டன, அன்று யார் என்ன சொன்னார்கள், பின்னால் என்ன நடந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

மக்களுக்கு வெளியுறவு புரியாது என்ற எண்ணம் பழையது. வால்டர் லிப்மேன் என்ற பத்திரிகையாளர் 1922-லேயே எழுதிவிட்டார், மனிதர்கள் தங்கள் தலைக்குள் இருக்கும் படங்களை வைத்துத்தான் தூரத்து உலகத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்கள், அந்தப் படங்கள் பெரும்பாலும் யாரோ காட்டியவை என்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கேப்ரியல் ஆல்மண்ட் என்ற அரசியல் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், வெளியுறவில் மக்களிடம் இருப்பது ஒரு மனநிலை, இன்று கொதிக்கும், நாளை ஆறிவிடும், அதை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது என்றார். இந்த வேலையை விவரம் தெரிந்தவர்களிடம் விட்டுவிடலாம் என்பது வாஷிங்டனில் கிட்டத்தட்ட பொதுப்புத்தி ஆனது. அந்த விவரம் தெரிந்தவர்கள்தான் நாட்டை வியட்நாமுக்குள் கொண்டுபோனார்கள். அங்கே படை பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடா தீர்மானம் 1964 ஆகஸ்டில் கீழவையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது.

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்று கேலப் நிறுவனம் 1965 ஆகஸ்டில் கேட்டபோது தவறு என்றவர்கள் 24 சதவீதம்தான். மூன்று வருஷம் கழித்து, 1968 ஆகஸ்டில், அது 53. ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் கொரியா, வியட்நாம் இரண்டு போர்களின் கணிப்புகளையும் எடுத்துவைத்து, உயிரிழப்பு ஏற ஏற ஆதரவு எப்படிச் சரிகிறது என்று 1973-ல் காட்டினார். முதல் சாவுகளில் மளமளவென்று இறங்கும், அப்புறம் மெதுவாகும். அதன் பிறகு பெஞ்சமின் பேஜும் ராபர்ட் ஷபிரோவும் ஐம்பது வருஷக் கருத்துக்கணிப்புகளைத் தோண்டி 1992-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். தனி மனிதர் தடுமாறலாம், மொத்தமாகப் பார்த்தால் அமெரிக்க மக்களின் கருத்து நிதானமாகத்தான் நகர்கிறது, நகரும்போது ஏதோ ஒரு காரணத்தோடுதான் நகர்கிறது என்பது அவர்கள் முடிவு. சரி, காரணத்தோடு என்றால், அந்தக் காரணத்தைக் கையில் கொடுப்பது யார்? ஈராக்குக்கு வந்தால் இந்தக் கேள்விதான் முக்கியமாகிறது.

போர் 2003 மார்ச் 20 அன்று தொடங்கியது. அந்த மாதம் பியூ கேட்டபோது 72 சதவீத அமெரிக்கர்கள் இது சரியான முடிவு என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்கு அதே வருஷம் செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட கணிப்பு ஒரு துப்பு தருகிறது. செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்கு நேரடித் தொடர்பு இருக்கலாம் என்று 69 சதவீதம் பேர் நம்பினார்கள். விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள், ஒருவர்கூட ஈராக்கியர் இல்லை. சதாமுக்கு அதில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அதே மாதம் அதிபர் புஷ்ஷே சொன்னார். ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை வருஷமாக ஒரே மூச்சில் சதாம், பயங்கரவாதம், செப்டம்பர் 11 என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்ததில், கேட்டவர்கள் தாங்களே முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். பொய் சொன்னார் என்று யாரையும் பிடிக்கவும் முடியாது, கெட்டிக்காரத்தனம்தான்.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிப்பா என்ற ஆய்வுக் குழு அந்த அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இன்னும் உள்ளே போகிறது. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் கிடைத்துவிட்டன, சதாமுக்கும் அல்-காய்தாவுக்கும் தொடர்பு என்று நிரூபணம் ஆகிவிட்டது, உலக மக்கள் பெரும்பாலும் இந்தப் போரை ஆதரித்தார்கள் என்ற மூன்று தவறான நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்றையும் நம்பியவர்களில் 86 சதவீதம் பேர் போரை ஆதரித்தார்கள், ஒன்றைக்கூட நம்பாதவர்களில் 23 சதவீதம் பேர்தான். எதைப் பார்த்துச் செய்தி தெரிந்துகொள்கிறார்கள் என்றும் கேட்டார்கள். ஃபாக்ஸ் தொலைக்காட்சி பார்ப்பவர்களில் 80 சதவீதம் பேருக்கு இவற்றில் ஒன்றாவது இருந்தது, பொது வானொலியும் பொதுத் தொலைக்காட்சியும் கேட்டுப் பார்ப்பவர்களில் 23 சதவீதம் பேருக்கு.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கர்கள் அடிமுட்டாள்கள் என்று சிரிப்பது சுலபம், நம் ஊர் சமூக ஊடகங்களில் அதற்குக் குறைவும் இல்லை. ஆனால் அவர்கள் நிலையில் இருந்து பாருங்கள். 2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77-க்கு 23 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரி, ஹிலாரி கிளின்டன், ஜோ பைடன் எல்லோரும் ஆதரித்து வாக்களித்தார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவுச் செய்தி பார்க்கும் ஒருவருக்கு, இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே பாட்டைப் பாடும்போது, எதிர்த்துச் சிந்திக்க எந்தச் சரக்கும் கையில் கிடைப்பதில்லை. ஜான் ஜாலர், ஆடம் பெரின்ஸ்கி போன்ற ஆய்வாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்: தலைவர்கள் ஒத்துப்போனால் மக்களும் ஒத்துப்போவார்கள், தலைவர்கள் பிரிந்தால் மக்களும் கட்சிவாரியாகப் பிரிவார்கள். ஈராக்கில் அதுதான் நடந்தது, ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கப் பின்வாங்க அந்தக் கட்சி ஆதரவாளர்களிடம் போர் ஆதரவு கரைந்தது.

இனி நிபுணர்கள். ஈராக் போரை நிபுணர்கள் ஆதரித்தார்களா, எதிர்த்தார்களா? இரண்டுக்கும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிபுணர் என்ற ஒரே பலகைக்குப் பின்னால் வேறு வேறு ஆட்கள் நிற்கிறார்கள்.

2002 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் டைம்ஸில் காசு கொடுத்துப் போட்ட ஒரு விளம்பரம் வந்தது. சர்வதேச உறவுகள் துறையின் 33 பேராசிரியர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். கென்னத் வால்ட்ஸ், ஜான் மியர்ஷைமர், ஸ்டீபன் வால்ட், ராபர்ட் ஜெர்விஸ், தாமஸ் ஷெல்லிங் என்று அந்தத் துறையில் பாடம் படித்த யாருக்கும் தெரிந்த பெயர்கள், காந்தியவாதிகள் யாரும் இல்லை, தேவைப்பட்டால் போர் செய்யலாம் என்று எழுதியவர்களே அதிகம். அவர்கள் சொன்னது என்ன? சுலபமாக ஜெயித்தாலும் வெளியே வர வழி இல்லை, ஈராக் ஆழமாகப் பிளவுபட்ட சமூகம், ஒரு நாடாக அதை நிற்க வைக்க அமெரிக்கா பல வருஷம் அங்கே உட்கார்ந்து காவல் காக்க வேண்டியிருக்கும். பின்னால் நடந்ததை முன்கூட்டியே எழுதிவைத்தது போல இருக்கிறது. அரசு அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

லண்டனில் இன்னொரு காட்சி. 2002 நவம்பரில் பிரதமர் டோனி பிளேர் ஆறு அறிஞர்களை டவுனிங் தெருவுக்கு அழைத்தார், அதில் ஈராக்கையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஜார்ஜ் ஜோஃபே என்ற அறிஞர் பின்னாளில் சொன்னபடி, ஈராக் சிக்கலான நாடு, சமூகங்களுக்குள் பகை கொதிக்கிறது, உங்களை மாலை போட்டு வரவேற்பார்கள் என்று நினைக்காதீர்கள் என்றுதான் அவர்கள் பேசினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பிளேர் திருப்பிக் கேட்டது, அந்த ஆள் தனி ரகமான தீயவன்தானே என்று. நாட்டைப் பற்றிப் பேச வந்தவர்களிடம் பிரதமர் ஆளைப் பற்றிப் பேசினார்.

அரசுக்கு உள்ளேயும் இதே கதைதான். ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரத்துக்குத்தான் என்று சிஐஏ சொன்னது, 2002 செப்டம்பரில் அது முதல் பக்கச் செய்தியானது, அணுகுண்டுப் புகைமேகம் வரும்வரை காத்திருக்க முடியாது என்று புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கான்டலிசா ரைஸ் தொலைக்காட்சியில் சொன்னார். செறிவூட்டும் இயந்திரங்களை நிஜமாகவே தெரிந்த பொறியாளர்கள் எரிசக்தித் துறையின் ஆய்வகங்களில் இருந்தார்கள். அந்த அளவு குழாய் அந்த வேலைக்குப் பொருந்தாது, ஈராக் ஏற்கெனவே வைத்திருக்கும் 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும் என்றார்கள். அக்டோபரில் செனட்டர்களுக்குத் தயாரான உளவு மதிப்பீட்டில் இந்த மறுப்பு பதிவானது, வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் எரிசக்தித் துறையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தது. முழு ஆவணத்தையும் படித்த செனட்டர்கள் மிகச் சிலர்.

2003 பிப்ரவரி 25 அன்று தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி செனட் குழு முன் வந்தார். போருக்குப் பின் ஈராக்கைக் கட்டுக்குள் வைக்க எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டதற்கு, சில லட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்ற பொருளில் பதில் சொன்னார். போஸ்னியாவில் அமைதிப்படையை நடத்திய மனிதர், அனுபவத்தில் பேசினார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் பால் வுல்ஃபோவிட்ஸ், இது நடைமுறைக்கு வெகுதூரம் தள்ளிப்போன எண், போருக்குத் தேவைப்படுவதைவிடப் போருக்குப் பிறகு அதிகப் படை தேவைப்படும் என்பதைக் கற்பனை செய்யவே கஷ்டமாக இருக்கிறது என்று மறுத்தார். வுல்ஃபோவிட்ஸும் நிபுணர்தான், முனைவர் பட்டம் வாங்கியவர், ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் சர்வதேச உறவுகள் பள்ளிக்கே தலைவராக இருந்தவர்.

அப்படியானால் எந்த நிபுணர்கள் சரியாகச் சொன்னார்கள் என்று பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. விஷயத்தைக் கையால் தொட்டுப் பழகியவர்கள், குழாயைத் தெரிந்தவர், ஊரைத் தெரிந்தவர், படை நடத்தியவர், இவர்கள் பெரும்பாலும் சரி. அதிகாரத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அடுத்த பதவிக்கான அழைப்புக்குக் காத்திருந்தவர்கள் பெரும்பாலும் தவறு. இது என் ஊகம் என்று ஒதுக்க வேண்டாம், லெஸ்லி கெல்ப்பே ஒப்புக்கொண்டார். வெளியுறவு கவுன்சில் என்ற செல்வாக்குள்ள அமைப்பின் தலைவராக இருந்தவர், அதற்கு வெகுகாலம் முன்பு பென்டகன் ஆவணங்கள் என்று பெயர்பெற்ற வியட்நாம் தொகுப்பைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், ஒரு போருக்குள் அரசுகள் எப்படி வழுக்கி விழுகின்றன என்பதை அவரளவுக்குப் பக்கம் பக்கமாகப் படித்தவர்கள் குறைவு. அவரும் ஈராக் போரை ஆதரித்தார். 2009-ல் அவர் எழுதியதன் சாரம்: தொழிலில் மதிப்பையும் அரசியலில் நம்பகத்தன்மையையும் காப்பாற்றிக்கொள்ளப் போர்களை ஆதரிக்கும் போக்கும் அதற்கான ஊக்கமும் வெளியுறவு வட்டாரத்தில் இருக்கின்றன, என் ஆதரவும் அதன் அறிகுறிதான். போரை எதிர்த்து, போர் நன்றாக முடிந்துவிட்டால் உங்களைக் கோழை என்பார்கள், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். ஆதரித்து, போர் நாசமாய்ப் போனால், எல்லோரும்தானே ஆதரித்தோம் என்று சொல்லிவிட்டு அடுத்த கருத்தரங்குக்குப் போய்விடலாம்.

பிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் இதே சந்தேகத்தை எண்ணிக்கையில் சோதித்தவர். இருபது வருஷம் போல, 284 நிபுணர்களிடம் இனி என்ன நடக்கும் என்ற 82,361 முன்கணிப்புகளை வாங்கிவைத்து, எது நடந்தது என்று ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார். சராசரி நிபுணர், நேற்று நடந்தது போலத்தான் நாளையும் நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் எளிய கணக்கைத் தாண்டவே திணறினார். ஊடகத்தில் அதிகம் பேசப்படுபவர்களின் முன்கணிப்பு இன்னும் மோசம், காரணமும் புரிகிறது, தொலைக்காட்சிக்கு வேண்டியது அடித்துப் பேசுபவர், 'இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம்' என்பவர் இல்லை. நம் மாலை நேர விவாதங்களில் பெயருக்குக் கீழே என்ன பட்டம் ஓடினாலும் குரல் உயர்த்துபவருக்கே மைக் கிடைப்பது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

மக்கள் கருத்தும் நிபுணர் அறிவும் ஒரே மேசையில் சந்தித்த ஒரு வினோதமும் இந்தக் கதையில் இருக்கிறது. உயிரிழப்பு ஏறினால் ஆதரவு இறங்கும் என்ற முல்லரின் கருத்தை மறுத்து, கிறிஸ்டோபர் கெல்பி, பீட்டர் ஃபீவர், ஜேசன் ரைஃப்லர் ஆகிய அரசியல் அறிஞர்கள், மக்கள் சாவைப் பொறுத்துக்கொள்வார்கள், கடைசியில் ஜெயிப்போம் என்று நம்ப வேண்டும், அவ்வளவுதான் என்று வாதிட்டார்கள். 2005-ல் ஃபீவர் வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்பு கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நவம்பர் 30 அன்று அன்னாபோலிஸ் கடற்படைக் கல்லூரியில் புஷ் பேசிய பேச்சில் வெற்றி, வெற்றி என்று பதினைந்து இடத்தில் வந்தது, 'ஈராக்கில் வெற்றிக்கான தேசிய வியூகம்' என்று 35 பக்க ஆவணமும் கூடவே வெளியானது. அந்தக் கணினிக் கோப்பின் விவரங்களைப் பார்த்தபோது உருவாக்கியவர் என்ற இடத்தில் ஃபீவரின் பெயர் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கருத்துக்கணிப்பு மக்களின் குரலை அரசுக்குக் கொண்டுபோகும் என்று நினைக்கிறோம், இங்கே அந்த ஆய்வு அரசின் குரலை மக்களுக்கு ஏற்றபடி வடிவமைக்க உதவியது. பலித்ததா என்றால், இல்லை. 2008 பிப்ரவரியில் பியூ கேட்டபோது போர் தவறான முடிவு என்றவர்கள் 54 சதவீதம், சரி என்றவர்கள் 38.

மக்கள் கருத்து போரைத் தடுக்கவே தடுக்காதா? நாட்டைப் பொறுத்தது. துருக்கியில் போரை எதிர்த்தவர்கள் 90 சதவீதம் போல. வடக்கு முனையில் இருந்து ஈராக்குக்குள் நுழைய 62,000 அமெரிக்க வீரர்களைத் துருக்கி மண்ணில் இறக்க வாஷிங்டன் கேட்டது, பெரிய பொருளாதார உதவியும் பேசப்பட்டது. 2003 மார்ச் 1 அன்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. அதிக வாக்கு கிடைத்தும் தீர்மானம் தோற்றது, வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதிப்படி 267 தேவைப்பட்டது. மூன்று வாக்கு குறைந்ததில், தளவாடங்களோடு மத்தியதரைக் கடலில் காத்திருந்த கப்பல்கள் சூயஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு குவைத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஸ்பெயினிலும் எதிர்ப்பு சுமார் 90 சதவீதம்தான், பிரதமர் அஸ்னார் கண்டுகொள்ளாமல் போரை ஆதரித்தார். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் செத்தபோது அது ஈராக் போருக்கான பதிலடி என்ற பேச்சு வராமல் இருக்க அரசு அவசரமாக உள்நாட்டு பாஸ்க் பிரிவினைத் தீவிரவாதிகள் மேல் பழிபோட, மூன்றே நாளில் வந்த தேர்தலில் அவர் கட்சி தோற்றது, புதிய பிரதமர் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார்.

இந்தியாவும் இதில் ஒரு பாத்திரம், பலருக்கு மறந்திருக்கும். 2003-ல் ஈராக்கில் காவல் வேலைக்கு ஒரு டிவிஷன், ஏறக்குறைய 17,000 பேர், அனுப்புமாறு அமெரிக்கா இந்தியாவைக் கேட்டது. வல்லரசோடு உறவை ஒரே தாவலில் உயர்த்திக்கொள்ள இது வாய்ப்பு என்று டெல்லியின் வியூக எழுத்தாளர்களில் ஒரு பகுதியினர் வாதிட்டார்கள், அரசுக்குள்ளும் அந்த எண்ணம் இருந்தது. நாடாளுமன்றம் ஏப்ரலிலேயே போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. வாஜ்பாய் இடதுசாரித் தலைவர்களை அழைத்து, உங்கள் எதிர்ப்புச் சத்தம் வெளியே போதுமான அளவு கேட்கவில்லையே என்ற பொருளில் பேசினார் என்பது டெல்லியில் பரவலாகச் சொல்லப்படும் கதை. ஜூலை 14 அன்று, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று அரசு அறிவித்தது. அந்த வருஷக் கடைசியில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், டெல்லி தேர்தல்கள் வரிசையில் நின்றன, ஈராக்கில் இருந்து இந்திய வீரர்களின் உடல்கள் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று எந்த அரசியல்வாதிக்கும் கணிப்பு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷங்களில் ஈராக் போன கதியைப் பார்த்தால், அந்த நிபுணர்களைவிட அரசியல்வாதியின் பயமே நாட்டுக்கு உபகாரம் செய்தது.

இதை வைத்து மக்கள்தான் எப்போதும் சரி என்று கிளம்பிவிடவும் முடியாது. 2014-ல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்ட சமயம் மூன்று ஆய்வாளர்கள் 2,066 அமெரிக்கர்களிடம் உலக வரைபடத்தைக் கொடுத்து உக்ரைனைத் தொட்டுக்காட்டச் சொன்னார்கள். ஆறில் ஒருவர்தான் சரியாகக் காட்டினார். உக்ரைன் இருக்கும் இடத்தில் இருந்து எவ்வளவு தள்ளிக் காட்டினார்களோ, அந்த அளவு ராணுவம் தலையிட வேண்டும் என்ற விருப்பமும் கூடியது. வெளிநாட்டு உதவியில் இன்னும் வேடிக்கை. 2010-ல் ஒரு கணிப்பில், அமெரிக்க அரசின் பட்ஜெட்டில் எத்தனை சதவீதம் வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்று கேட்டால் நடுவாந்தர பதில் 25. எவ்வளவு இருந்தால் நியாயம் என்றால் 10. உண்மையில் போய்க்கொண்டிருந்தது சுமார் 1. அதாவது குறைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் கேட்டது பத்து மடங்கு உயர்வு! ஆனால் பின்னாளில் இன்னொரு அமைப்பு உண்மை எண்ணைச் சொல்லிவிட்டுக் கேட்டபோது, அதிகம் செலவழிக்கிறோம் என்றவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், சொல்வதற்குத்தான் யாருக்கும் லாபம் இல்லை.

2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானை விட்டு அமெரிக்கப் படை வெளியேற, காபூல் தாலிபானிடம் விழுந்தபோது நிபுணர் வட்டாரமும் மக்களும் எதிரெதிரே நின்றார்கள். ஒபாமாவின் ஆலோசகர் பென் ரோட்ஸ் கேலியாக 'பிளாப்' என்று பெயர் வைத்த வாஷிங்டன் வெளியுறவுக் கூட்டத்தில் பலர் சில ஆயிரம் வீரர்களையாவது விட்டுவைத்திருக்கலாம் என்றார்கள். விமான நிலையக் கூட்டத்தையும், விமானத்தில் தொற்றிக்கொண்டு ஓடியவர்களையும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் பியூ கேட்டதற்கு, 54 சதவீத அமெரிக்கர்கள் வெளியேறியது சரியான முடிவு என்றார்கள், 42 சதவீதம் தவறு என்றார்கள். வெளியேறிய விதத்துக்காக பைடனைக் கடுமையாகக் குறை சொன்னவர்களும் இவர்களில் இருந்தார்கள். முடிவு வேறு, செய்த விதம் வேறு என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது, லிப்மேன் பயந்த அளவுக்கு மோசமில்லை.

நம் பக்கம் வந்தால், இந்தியாவில் வெளியுறவுக் கணிப்பு என்று வரும் எண்களைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் எடுத்த ஒரு பெரிய கணிப்பை வைத்து தேவேஷ் கபூர் என்ற அரசியல் அறிஞர் 2009-ல் எழுதிய கட்டுரையில் தெரிவது, தெரியாது அல்லது கருத்தில்லை என்ற பதில் வசதியும் படிப்பும் குறையக் குறையக் கூடுகிறது என்பது. நகரத்தில், கைபேசியில், இணையத்தில் எடுக்கும் கணிப்பில் இவர்கள் விழுவதே இல்லை, அப்புறம் "இந்தியர்களில் இத்தனை சதவீதம்" என்று தலைப்பு வரும்.

தவிர, எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு அழுத்தமாக நினைக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்பது பல சமயம் பெரிது. 2013 மார்ச்சில் இலங்கைப் பிரச்சினைக்காகத் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், 19-ம் தேதி திமுக மத்திய அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது, இரண்டு நாள் கழித்து ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்து வாக்களித்தது. நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு. பிரதமர் போகாவிட்டால் அந்த இடத்தைச் சீனா பிடித்துக்கொள்ளும், யாழ்ப்பாணத்துக்கே போய் நிற்கலாமே என்றெல்லாம் முன்னாள் தூதர்களும் டெல்லி விமர்சகர்களும் எழுதினார்கள், அந்த வாதத்தில் சாரம் இல்லாமலும் இல்லை. பிரிட்டன் பிரதமர் கேமரூன் அப்படித்தான் யாழ்ப்பாணம் போய்வந்தார். மன்மோகன் சிங் போகவில்லை, வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித்தை அனுப்பிவைத்தார். லக்னோவிலும் பாட்னாவிலும் அன்று கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் பெரும்பாலோர் கருத்தில்லை என்றிருப்பார்கள். ஆறு மாதத்தில் மக்களவைத் தேர்தல், தமிழ்நாட்டில் 39 தொகுதிகள், அதற்கு மேல் எந்தக் கணிப்பையும் யாரும் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.